எலுமிச்சம்பழத்துக்கு எதிரே நின்றவர்

மூத்த பேத்தி யாமினி டிப்ளமாவை முதல் வகுப்பில் முடித்து, ஒரகடத்துக் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப் லைன் லீடராக இருக்கிறாள். ஆம்பிளைப் பசங்களே அவளைக் கேட்டுத்தான் டீக்குப் போகிறார்கள். போன மாதம் தன் சம்பளத்தில் கார் எடுத்தாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த முதல் புதுக் கார். பேரன் ஹரி தண்டலம் பக்கம் காலேஜில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். பசங்களே சேர்ந்து செய்த ரேஸ் வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் இரண்டாம் பரிசோடு வந்தான். சின்னவள் தமிழரசி கபடியில் மாவட்டம் வரைக்கும் போய், முட்டியில் ஒரு தழும்பும் கையில் ஒரு கப்புமாகத் திரும்பினாள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் இந்த மூன்று சேதியையும் நாங்கள் முதலில் போன் போட்டுச் சொன்னது சொந்தக்காரருக்கு அல்ல. எங்கள் மாடி வீட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்த குமரேசன் தம்பிக்கு. மூன்று தடவையும் அவர் "சந்தோசம் ஆச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், யாமினி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டு இருக்கும்போது, தாவூத் போன் பண்ணினார். கம்பெனியில் குமரேசனோடு சோதனை வண்டி ஓட்டியவர். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிற மனுஷன். அன்றைக்கு, "அம்மா, உக்காந்துகினு கேளுங்க" என்றார். "சாரு பூட்டாரும்மா. ஊருக்குக் கோயில் கொடைக்குப் போனாரு இல்ல, அங்கியே. மார்ல வலின்னு சொன்னாராம், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட தாங்கல." யாமினி ஒரு காலில் ஷூவோடு நின்றாள். அவர் ஊரான விளாத்திகுளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, உங்களுக்கு அங்க எல்லாரும் தெரியும். இவங்களப் பத்தி சரியாச் சொல்லுங்க" என்றாள். அதனால்தான் அஞ்சாங்கிளாஸோடு நிறுத்திய நான், அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் இதை எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள், எங்கள் மாடியில் குடியிருந்த பசங்கள், முக்கியமாக அவர் செய்த அந்தச் சின்ன சிவப்பு வண்டியை வைத்துக்கொண்டு சங்கம் நடத்துகிற பிள்ளைகள், எல்லாரும் முழுசாகப் படிக்க வேண்டும்.

எங்கள் நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போன பிறகு, எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்கு மேலே மாடி எடுத்து வாடகைக்கு விட்டோம். தெக்கத்திப் பசங்கதான் வந்தார்கள். கார் கம்பெனிக்கு இஞ்சின் என்ஜினியராக வந்த குமரேசன் கதவைத் தட்டி, "ஆச்சி, ரூம் இருக்கா?" என்றார். எங்கள் பக்கம் அந்தச் சொல் கிடையாது; கிழவி என்கிறானோ என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தூர்ப்பா நீ? எனக்கு இன்னும் ஒரு முடி நரைக்கல" என்றேன். அவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு இருக்கு ஆச்சி, அந்தப் பக்கம்" என்றார். சிரித்துவிட்டேன். ரூம் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஊரே என்னை ஆச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. என் பேரப்பிள்ளைகள் மட்டும்தான் இன்னும் ஆயா என்கிறார்கள்.

ரூம் பசங்களுக்கு நான் சாப்பாடும் போட்டேன். தட்டு முன்னால் உட்கார்ந்ததும் குமரேசன், "இன்னைக்கு எதக் குறைச்சீங்க ஆச்சி?" என்பார். அந்தக் கேள்விதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நா இன்னாத்தக் குறைச்சேன்? நாக்கு நீளமாக் கீது உனக்கு" என்பேன். "கோவப்படாதீங்க. இந்த விலைக்கு எல்லாத்தையும் யாராலயும் போட முடியாது. ஒண்ணக் கூட்டினா ஒண்ணக் குறைக்கத்தான் வேணும். எதக் குறைச்சோம்னு சாப்பிடுதவனுக்குச் சொல்லிட்டாக் குத்தமில்ல. சொல்லாமக் குறைச்சா அது களவு" என்பார். பிறகு அது வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. சோறு போடும்போதே, "இன்னிக்குக் கறி கொஞ்சம், உருளைக்கிழங்கு ஜாஸ்தி. இஷ்டம் இருந்தா உக்காரு, இல்லாட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போ" என்று நான் அறிவிப்பேன். பசங்கள் கை தட்டுவார்கள். யாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதில்லை.

அவருக்கு வேகம் என்றால் உயிர். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், லாரி கம்மியாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு பழைய பைக்கில் வண்டலூர் ரோட்டில் போய்விட்டு வருவார். அது வரும் சத்தத்தில் எங்கள் மாடு கயிற்றை இழுக்கும். "செல்வி பார்த்தா உன்னைத் தொலைச்சிடுவா" என்று நான் சொன்னால், "அவளப் பொண்ணு பாக்கப் போனதே இந்த வண்டியிலதான் ஆச்சி" என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் கம்பெனி அந்த வேலையைக் கொடுத்தது. சாதாரண சம்பளக்காரன் வாங்குகிற விலையில், பாய்ந்து போகிற ஒரு சின்னக் கார். இஞ்சின் பலத்தைப் பசங்கள் எச்பி என்பார்கள். போட்டிக் கம்பெனி வண்டியைவிட எச்பி அதிகம் இருக்க வேண்டும், விலை கூடக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். குமரேசன் ஆறு மாதம் ராத்திரி பகல் பார்க்கவில்லை. அந்த இஞ்சினைச் செய்தும் காட்டினார். "ஆச்சி, காலை வெச்சா முதுகு சீட்டுல போய் ஒட்டிக்கும்" என்று அவர் சொன்னபோது, முதல் பிள்ளை பிறந்த சேதியைக்கூட இத்தனை சந்தோஷமாகச் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

அந்த வருஷ ஆயுத பூஜையில்தான் விஷயம் திரும்பியது. கம்பெனிக்குள் வண்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் நசுங்கும் அளவுக்கு வண்டி ஒரு அடி நகர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சூப்பர்வைசர் ஏறி உட்கார்ந்து மெதுவாகத்தான் மிதித்தார். வண்டி ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு ஒரே பாய்ச்சல். எதிரே கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரி தட்டை விட்டுவிட்டு ஓடினார். "ஐயிரு லாங் ஜம்ப் அடிச்சாரு பாருங்க, மெடல் குடுக்கலாம்" என்று தாவூத் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கும் அடி இல்லை. குமரேசன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் கொல்லை மரத்து எலுமிச்சம்பழத்தைக் கூடை கூடையாகக் கேட்க ஆரம்பித்தார். ஊறுகாய் போடுகிறார்கள் போல என்று நினைத்து, கல் உப்பையும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். உப்பு அப்படியே திரும்பி வந்தது. "பின்னே பழத்தை இன்னா பண்றே?" என்று பிடித்துக்கொண்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார். கம்பெனிக்குள்ளேயே, புதுசாக லைசென்ஸ் எடுத்த ஆட்களாகப் பார்த்துக் கூப்பிட்டு, அந்த வண்டியால் பழத்தை நசுக்கச் சொல்கிறார். எதிரே ஆளுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் டிரம். "பாதிப் பேரு டிரம்மத் தட்டிட்டான் ஆச்சி."

"அவனுங்களுக்கு ஓட்டத் தெரியல, உனக்கு இன்னா?"

"இந்த வண்டிய வாங்கப் போறதே ஓட்டத் தெரியாதவன்தான். நேத்து வரைக்கும் பைக்ல போனவன். அவன் வீட்டுக்கு இதான் முதல் காரு. ஷோரூம்ல இருந்து எடுத்துட்டு நேராக் கோயிலுக்குப் போவான். சக்கரத்துக்குக் கீழ பழம் வைப்பான். அப்போ வண்டிக்கு எதிர்ல யாரு நிப்பா? அம்மா நிப்பா. பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிட்டு நிப்பா. நீங்க நிப்பீங்க."

அவரே மேலே சொன்னார். பலத்தைக் கூட்டுவது சுலபம். கூட்டிய பலத்தைத் தாங்கப் புதுசாக ஒரு கியர்பாக்ஸ் வேண்டும், அதற்குச் செலவு. அந்தச் செலவை ஈடுகட்ட, பின் சக்கரத்து நல்ல பிரேக்கையும் நல்ல டயரையும் எடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். பின் பிரேக் யார் கண்ணில் படப் போகிறது? எச்பி மட்டும்தான் போஸ்டரில் வரும். கொஞ்சம் பலத்தை இறக்கிவிட்டால், சாதா வண்டியின் கியர்பாக்ஸே போதும். மிச்சப்படுவதில் நாலு சக்கரத்துக்கும் நல்ல பிரேக், டயர் எல்லாம் வந்துவிடும். முதல் மிதியில் அந்தப் பாய்ச்சலும் இருக்காது.

"அதுக்கு விலையை ஏத்திட்டா போச்சு" என்றேன்.

"ஏத்தினா உங்க யாமினி வாங்க மாட்டா. பணக்காரன்தான் வாங்குவான். அவனுக்கு ஏற்கெனவே மூணு வண்டி நிக்கும்." யாமினி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு இருந்தாள். அவள் கார் வாங்குவாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத காலம் அது.

"அப்போ உன் இஞ்சினை நீயே குறைக்கப் போறியா?"

"எனக்கு அந்த முழு பல வண்டிதான் ரொம்பப் புடிச்சிருக்கு ஆச்சி. அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஒரு வருஷம் சண்டை. மேலிடத்திலிருந்து வந்த பெரிய மேனேஜர், எச்பி குறைந்தால் ஊர் சிரிக்கும் என்றார். குமரேசன் விடவில்லை. மறு வருஷ ஆயுத பூஜையன்று இரண்டு வண்டிகளையும் அலங்காரம் பண்ணி நிறுத்தி, பழம் வைத்து, மேனேஜரையே ஓட்டச் சொன்னாராம். தாவூத் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மொத வண்டி ஃபுல் பவர். மேனேஜர் ஏறி உக்காந்தாரு. நம்ம சாரு நேராப் போயி பம்பருக்கு முன்னாடி நின்னுகினாரு. 'ஸ்டார்ட் பண்ணுங்க சார், நான் நிக்கேன்'ன்றாரு. சேப்டி ஆபீசரு கத்துறாரு, யாரு கேக்கறா? மேனேஜர் சாவியத் தொட்டாரு, எட்டிப் பாத்தாரு, திருப்பல. இறங்கிட்டாரும்மா. அப்பால ரெண்டாவது வண்டி. அதுக்கும் சாரு முன்னாடி போயி நின்னுகினாரு. மேனேஜர் ஓட்டினாரு. பச்சக்குனு பழம் நசுங்குச்சு, வண்டி அப்படியே நின்னுச்சு. சாரு நகரவே இல்ல."

மேனேஜர் கெட்டவர் இல்லை. சாவியைத் திருப்பாமல் இறங்கினாரே, அது போதும் எனக்கு. இரண்டாவது வண்டிதான் கடைக்கு வந்தது. பிரேக், டயர், விலை எல்லாம் குமரேசன் சொன்ன மாதிரியே.

ஊரும் சிரிக்கத்தான் செய்தது. வண்டியை ஓட்டிப் பார்த்து வீடியோ போடுகிற பசங்கள், "பேருதான் ஸ்போர்ட்ஸ் வண்டி" என்று கிண்டல் பண்ணினார்கள். ஒரகடம் ரோட்டு டீக்கடையில் ஒருத்தன் என் முன்னாலேயே கேட்டான்: "சார், உங்க வண்டி பால் வண்டி மாதிரி போவுதாமே?" குமரேசன் டீயை ஊதிக்கொண்டே, "பால் வண்டி தினமும் வீடு போய்ச் சேருதுல்ல தம்பி" என்றார். கடைக்காரரே சிரித்துவிட்டார். ஆனால் கம்பெனியில் அதற்கு விலை இருந்தது. அவருக்கு வர வேண்டிய பெரிய பதவி வரவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் கொதித்துப்போனேன். அவர் சொன்னார்: "என்னையக் குறைச்சிருக்காங்க ஆச்சி. மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுத்தான் குறைச்சாங்க. அதனால எனக்குக் கோவமில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அதையும் பார்த்தேன்.

இப்போது நான் இதை எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன்.

அவர் போன நாலாம் நாள் ஹரி ஒரு படத்தைப் போனில் காட்டினான். வண்டிச் சங்கம் போட்ட அஞ்சலி. குமரேசனின் பழைய கம்பெனி அடையாள அட்டைப் படம். மீசை கூடச் சரியாக முளைக்காத முகம். கீழே, 'முழு பலம் கொடுக்க விடாமல் தடுக்கப்பட்ட மேதை. உங்கள் கனவை நாங்கள் நிறைவேற்றுவோம்' என்று எழுதி இருந்தது. அவர் நினைவாகத் தண்டலத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் எல்லாச் சிவப்பு வண்டியும் ஊர்வலமாகப் போகிறதாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியிலும், கம்ப்யூட்டர் வைத்து இஞ்சின் பலத்தைக் கூட்டிவிடப் போகிறார்களாம். அக்கா வண்டியும் அதே வண்டிதான், அதைத்தான் முதலில் கொண்டுபோவேன் என்றான் ஹரி.

"யாரைக் கேட்டு?" என்றாள் யாமினி.

"சாருக்காக அக்கா. அவரு செஞ்ச இஞ்சின்ல அந்த பவர் உள்ளேயே கீது. கம்பெனிதான் பூட்டி வெச்சிருக்கான். நாங்க தெறக்கறோம், அவ்ளோதான்."

"பூட்டினது கம்பெனி இல்லடா, அவருதான்" என்றேன்.

"ஆயா, உனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? பவரைக் கூட்டினா..."

"கூட்டினா எதைக் குறைப்பே?"

இந்தக் கேள்வியை அவன் முன்பே காதால் கேட்டிருக்கிறான். அவனுடைய ரேஸ் வண்டிக்கு எடை குறைத்தபோது, குமரேசன் போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். வண்டி ஓட்டுகிறவனின் தலைக்கு மேலே போகிற கம்பியின் கனத்தைக் குறைத்திருந்தார்கள். அதைச் சொன்னதும், திருப்பிப் போடச் சொல்லி அரை மணி நேரம் திட்டினார். ஹரி அதை மறந்திருக்க மாட்டான்.

"கியர்பாக்ஸ் அதேதான். பிரேக் அதேதான். பலம் மட்டும் ஏறுது. அப்போ நீ குறைக்கறது இன்னா? அதை அந்த போஸ்டர்ல போடு. போட்டுட்டு அப்புறம் ஏத்து" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு போய் வண்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றான். பிறகு வந்து சாவியை யாமினியிடம் கொடுத்தான். "இது இப்படியே வரட்டும்க்கா. ஆனா மத்தவனுங்க என் பேச்சைக் கேக்க மாட்டானுங்க, ஆயா. நீ சொன்னாக் கேப்பானுங்க" என்றான்.

அதனால் சங்கத்துப் பிள்ளைகளே, சொல்கிறேன். குமரேசனை யாரும் தடுக்கவில்லை. அவர் ஆசை ஆசையாகச் செய்ததை, அவரே தன் கையால் குறைத்தார். உங்கள் எதிரே நிற்கப் போகிறவர்களுக்காகக் குறைத்தார். அதற்காகத் தன் பதவியையும் கொடுத்தார். அவருக்கு வேகம் பிடிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்ததால்தான் அது பெரிய காரியம். நீங்கள் அந்தப் பலத்தைத் திரும்ப ஏற்றினால், அவர் செய்த ஒரே பெரிய வேலையை அழிக்கிறீர்கள். ஊர்வலம் போகிற ரோட்டில்தான் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இறங்கி நடக்கிறார்கள். கார் எடுக்கும் வரைக்கும் என் யாமினியும் அங்கேதான் இறங்கினாள். ஏற்கெனவே ஏற்றியவர்கள், ஊர்வலத்துக்கு முன்னால் பழையபடி மாற்றிக்கொண்டு வாருங்கள். யாமினியின் வண்டி முதலில் போகும். முன் சீட்டில் நான் உட்காருவேன். எங்களை யாரும் முந்தக் கூடாது. முந்துகிறவன் வீட்டுக்கு வந்து நான் பேசுவேன். சேரப்பணஞ்சேரிப் பசங்களைக் கேளுங்கள், நான் எப்படிப் பேசுவேன் என்று சொல்வார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். இப்போதெல்லாம் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், என்னையும் அறியாமல் வாயில் வந்துவிடுகிறது. யாமினி லைன் லீடர் ஆனபோது அவர் கேட்டதற்கு, "தூக்கத்தைக் குறைச்சேன் மாமா" என்றாள். "அத மட்டும் திருப்பி வாங்கிக்கோ தாயி" என்றார். இனிமேல் அவளிடம் அதை நான்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கம்பெனி அட்டைப் படத்தை எடுத்துவிடுங்கள். புதுப் படம் ஒன்று இருக்கிறது. போன மாதம் முருகன் கோயில் வாசலில், யாமினியின் வண்டிக்குப் பூஜை போட்டபோது தமிழரசி எடுத்தது. யாமினி ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லைசென்ஸ் எடுத்து அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சக்கரத்துக்குக் கீழே எங்கள் மரத்துப் பழம். பம்பருக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில் குமரேசன் நிற்கிறார். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு இருக்கிறார். வண்டி கிளம்பின சத்தத்துக்குக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தமிழரசியிடம் சொல்லிவிட்டேன், அனுப்பி வைப்பாள். அந்தப் படத்தைப் போடுங்கள்.